மேகம் மூடினாலும் பயிரின் வாட்டத்தை அறியும் ரேடார்: நிசார் செயற்கைக்கோளால் என்ன பயன்?

வானம் மூடியிருக்கும், ஆனால் மழை பெய்யாது. மராத்வாடா, விதர்பா போன்ற மானாவாரிப் பகுதிகளில் பருத்தியும் சோயாபீன்ஸும் விதைத்த விவசாயிகள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மிகவும் அஞ்சுவது இந்த இடைவெளியைத்தான். பயிர்களைப் படமெடுக்கும் வழக்கமான செயற்கைக்கோள்களுக்கும் அதே நாள்களில்தான் பார்வை மறைகிறது.

அவை சூரிய ஒளியின் பிரதிபலிப்பைக் கொண்டு இலையின் பசுமையை அளவிடுபவை. மேகம் குறுக்கிட்டால் படம் கிடைக்காது. கிடைத்தாலும், பயிர் வாடத் தொடங்கிச் சில நாள்கள் கழிந்த பின்னரே பசுமை குறைவது தெரியவரும். அதற்குள் பூக்கள் உதிர்ந்துவிடக்கூடும்.

ரேடார் செயற்கைக்கோள் சூரியனை நம்பியிருப்பதில்லை. தானே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. மேகமோ இரவோ அதற்குத் தடையல்ல. நுண்ணலைக்கும் நீருக்கும் உள்ள உறவே இந்த முறையின் அடிப்படை. மின்புலத்துக்கு ஒரு பொருள் எந்த அளவு இணங்குகிறது என்பதைக் குறிக்கும் மின்கடவா மாறிலி, நீருக்குச் சுமார் 80. உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரை மட்டுமே. எனவே இலையிலும் தண்டிலும் மண்ணிலும் நீர் குறையும்போது எதிரொலியின் வலிமை மாறுகிறது.

அலைநீளத்துக்கு ஏற்ப ரேடார் காணும் ஆழம் வேறுபடும். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட இ.ஓ.எஸ்-04 பயன்படுத்தும் சி-பேண்ட் அலைகள் பெரும்பாலும் பயிரின் மேற்பகுதியிலேயே சிதறிவிடும். இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் செலுத்திய நிசார், இரு அலைவரிசைகளைக் கொண்டது. நாசா வழங்கிய எல்-பேண்டின் அலைநீளம் 24 செ.மீ.; அது இலைகளைக் கடந்து தண்டையும் மண்ணையும் எட்டும். இஸ்ரோவின் எஸ்-பேண்ட் அலைநீளம் ஏறத்தாழ 9 செ.மீ. ஒரே இடத்தை 12 நாள்களுக்கு ஒருமுறை அதே கோணத்தில் நிசார் மீண்டும் காண்கிறது.

அது கடந்து செல்லும் நேரமும் கவனிக்கத்தக்கது. நிசாரின் சுற்றுப்பாதை காலை 6 மணி, மாலை 6 மணியை ஒட்டி அமைந்துள்ளது. தாவரங்கள் பகலில் இலைத்துளைகள் வழியே நீரை இழந்து, இரவில் வேர்கள் மூலம் அதை ஈடுசெய்கின்றன. மண்ணில் ஈரம் இருந்தால் விடியலுக்குள் இழப்பு நிரம்பிவிடும். இல்லையேல் பயிர் வாடிய நிலையிலேயே அடுத்த பகலைச் சந்திக்கும். ஆகவே நீர்ப்பற்றாக்குறையை அறிய நண்பகலைவிட விடியலே நம்பகமான வேளை.

ஆனால் விடியலில் பனித்துளியும் உண்டு. இலைமேல் படிந்த பனிநீரை இலைக்குள் உள்ள நீரிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. காலையிலும் மாலையிலும் ரேடார் நோக்கும் திசை மாறுவதால், இரு பதிவுகளையும் அப்படியே ஒப்பிடவும் இயலாது. உழுத நிலத்தின் கரடுமுரடு, பயிரின் வளர்ச்சி, நெல்வயலில் தேங்கிய நீர் ஆகியவையும் எதிரொலியை மாற்றும். ஒரே ஒரு படத்தைக் கொண்டு முடிவுக்கு வருவது தவறாகவே முடியும். ஒரே வயலின் தொடர் பதிவுகளைக் களத்தில் எடுத்த மண் ஈர அளவுகளுடன் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவை பொருள் தருகின்றன.

இது ஆய்வாளர்கள் மட்டும் அக்கறை கொள்ளும் விஷயமல்ல. மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேட்டின்படி, மழைக்குறைவுடன் பயிர்ப்பரப்பு, மண் ஈரம், செயற்கைக்கோள் தாவரக் குறியீடுகள் ஆகியவையும் பரிசீலிக்கப்பட்டே வறட்சி அறிவிக்கப்படுகிறது. காரிஃப் பருவத்துக்கான அறிவிப்பை அக்டோபர் இறுதிக்குள் மாநிலங்கள் வெளியிட வேண்டும். அந்தத் தாவரக் குறியீடுகள் மேகமற்ற ஒளியியல் படங்களைச் சார்ந்தவை. ஜூலை, ஆகஸ்டில் அவை விட்டுவிடும் வாரங்களை ரேடார் பதிவுகளால் நிரப்ப முடியும். நிசார் தரவுகள் கட்டணமின்றி வழங்கப்படுவதால் மாநில வேளாண் துறைகளும் பல்கலைக்கழகங்களும் அவற்றை நேரடியாகப் பயன்படுத்தலாம். எனினும், மாதிரிக் கிராமங்களுக்கு அலுவலர்கள் நேரில் சென்று பயிரைப் பார்வையிடும் கள ஆய்வு அந்தக் கையேட்டின்படி கட்டாயமாகவே உள்ளது.