இம்பாக்ட்: தடித்து ஒடுங்கிய எழுத்து

இம்பாக்ட் என்ற பெயரை அறியாதவர்களும் அந்த எழுத்துருவைப் பார்த்திருப்பார்கள். ஆங்கில மீம்களில், படத்தின் மேலும் கீழும் கறுப்பு விளிம்போடு வெள்ளையாகத் தடித்து நிற்கும் எழுத்து அதுதான். அந்தப் பழக்கத்தாலேயே அதை மலிவானது, நளினமற்றது என்று ஒதுக்குவோர் உண்டு. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்துருவை அது எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இம்பாக்ட் 1965இல் வெளிவந்தது. விளம்பரத் துறையைச் சேர்ந்த ஜெஃப்ரி லீ வரைய, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஸ்டீஃபன்சன் பிளேக் வார்ப்படச்சாலை உலோகத்தில் வார்த்தது. உலோக அச்சில் ஒவ்வோர் எழுத்தும் குறித்த உயரமுள்ள கட்டையின் மேல் நிற்கும். ‘ஹெச்’சின் மேல்தண்டுக்கும் ‘பி’யின் கீழ்வாலுக்கும் அந்த உயரத்திலேயே இடம் விட்டாக வேண்டும், அந்த அளவுக்குத் தாளில் வெறுமை விழும். லீ தண்டையும் வாலையும் குட்டையாக்கி, சிறிய எழுத்துகளின் உடலை இயன்றவரை உயர்த்தினார். வட்டமான ‘ஓ’வின் பக்கங்களை நிமிர்த்திச் சுவராக்கினார். கோடுகள் தடித்ததில் உள்ளே இருக்கும் வெளி வெறும் கீற்றாகச் சுருங்கியது. கொடுத்த இடத்தில் முடிந்த அளவு மையை இறக்குவதே நோக்கம். சுவரொட்டியிலும் செய்தித்தாளின் பத்தித் தலைப்பிலும் அகலம்தான் பஞ்சம். எழுத்து ஒடுங்கினால் அதே அகலத்துக்குள் அதை இன்னும் உயரமாக வைக்கலாம். தொலைவிலிருந்தே கண்ணில் படும். ஃப்ரெட் லாம்பர்ட்டின் கம்பாக்டா 1963லேயே இதே வழியில் வந்திருந்தது. காலத்தின் தேவை அப்படி.

சிறிய அளவில் படிக்கவே முடியவில்லை என்பார்கள். உண்மைதான். பத்திப் பத்தியாக இதில் அச்சிட்டால் உள்வெளிகள் அடைபட்டு ‘ஏ’யும் ‘ஈ’யும் ஒன்றோடொன்று குழம்பும். ஆனால் இது பத்திக்காக வரையப்பட்டதே அல்லவே. மைக்ரோசாஃப்ட் 1996 முதல் ஓர் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகத் தந்ததால்தான் பரவியது என்ற வாதம் இதைவிட வலுவானது. இருந்தும் அதே தொகுப்பில் ஏரியல், ஏரியல் பிளாக், காமிக் சான்ஸ், ஜார்ஜியா எல்லாம் இருந்தன. மீமின் பின்னணிப் படம் ஓரிடம் வெளிச்சமாகவும் ஓரிடம் இருளாகவும் இருக்கும். கறுப்பு விளிம்பு மெல்லிய எழுத்தை விழுங்கிவிடும். தடித்த எழுத்தில் மட்டுமே நடுவில் போதிய வெள்ளை மிஞ்சும். ஏரியல் பிளாக்கும் தடிமன்தான், ஆனால் அகன்றது. ஒரு வரியில் சில சொற்களே அடங்கும். இலவசம் வாசலைத் திறந்தது, இம்பாக்டை உள்ளே அழைத்தது அதன் வடிவம்.

இம்பாக்டில் தமிழ் எழுத்துகள் இல்லை. அதற்காகச் சாதாரணத் தமிழ் எழுத்துருவை இழுத்துக் குறுக்கிப் பேனரில் போடாதீர்கள். அப்படிக் குறுக்கும்போது நிற்கும் கோடுகள் மெலியும், கிடக்கும் கோடுகள் தடித்தே நிற்கும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேடி எடுங்கள்.