கேட்பதும் ஒரு படிப்புத்தான்!

ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலுக்குப் போனால் ஊரெல்லாம் மாம்பழ வாசனையாக இருக்கும். பிட்சாடன மூர்த்தி வீதியுலா வரும்போது மாடிகளில் நிற்கிறவர்கள் கூடை கூடையாக மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிற கூட்டம் முண்டியடித்துக்கொண்டு பிடிக்கும். காரைக்கால் அம்மையாரின் நினைவாக நடைபெறும் மாங்கனித் திருவிழா அது.

கதை எல்லோரும் அறிந்ததுதான். வணிகர் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிவைத்த இரண்டு மாம்பழங்களில் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதியார் இட்டுவிட்டார். மத்தியானம் சாப்பிட வந்த கணவன் மற்றதையும் கேட்டான். இறையருளால் கைக்கு வந்த கனியைப் பரிமாறினார். "இதன் ருசியே வேறாக இருக்கிறதே, எங்கிருந்து வந்தது?" என்ற பொருளில் அவன் விசாரித்தான். தர்மம் செய்த இடத்தில் கணக்குக் கேட்ட முதல் மனிதர் பரமதத்தன்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்தப் பக்கத்தில் கொடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. திருநள்ளாற்றில் சனீஸ்வரன் சந்நிதிக்கு வருகிறவர்கள் உண்டியலை நிரப்புகிறார்கள். சற்றுத் தெற்கே நாகூர் தர்கா; அதற்கும் தெற்கே வேளாங்கண்ணி. எங்கும் காணிக்கை குவிகிறது. அங்கெல்லாம் யாரும் போய்க் கேட்பதில்லை. ஆனால் அனாதைப் பிள்ளைகளின் விடுதிக்கும், முதியோர் இல்லத்துக்கும், காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கும் வாசலில் ஓர் உண்டியல் வைத்தால் போதுமா? யாராவது ஒருவர் செருப்புத் தேய நடந்து கேட்டால்தான் அடுத்த மாதத்து அரிசி வரும்.

அப்படிக் கேட்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பயிற்சியும் பரீட்சையும் சர்டிபிகேட்டும் உண்டு என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். "பிச்சை எடுக்கவா உன்னை பி.ஏ. வரைக்கும் படிக்கவைத்தேன்?" என்று கேட்காத தகப்பனார் அபூர்வம்.

காரைக்காலுக்கு வந்த வசூல்காரர்

இந்த வித்தையில் கைதேர்ந்த ஒருவர் 1934 பிப்ரவரியில் காரைக்காலுக்கே வந்திருக்கிறார். அவர்தான் காந்திஜி. அப்போது ஊர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. தீண்டாமை ஒழிப்புக்காக 1933 நவம்பரில் வார்தாவிலிருந்து புறப்பட்ட ஹரிஜன யாத்திரையில், ஏறத்தாழ ஒன்பது மாதங்களில் சுமார் 12,500 மைல் சுற்றி எட்டு லட்சம் ரூபாய் வரையில் திரட்டினார். காரைக்காலும் புதுச்சேரியும் அந்தச் சுற்றில் சேர்ந்தவை.

அவர் வசூலித்த முறையைக் கவனிக்க வேண்டும். கையெழுத்துக் கேட்டால் ஐந்து ரூபாய். வரவேற்புப் பத்திரத்தை வைத்துக் கொடுத்த பேழையை அதே மேடையில் ஏலம் விட்டுவிடுவார். பெண்களைப் பார்த்தால் நகைகளைக் கேட்பார். அதே 1934 ஜனவரியில் மலையாளத்து வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் வளையல், சங்கிலி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுக்க வந்தாள். காந்திஜி உடனே வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றோரின் சம்மதம் உண்டா என்று கேட்டார். மறுபடி நகை செய்து தரும்படி கேட்கமாட்டேன் என்று அவள் உறுதி சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். மனமில்லாமல் கொடுத்தது, வீட்டில் சண்டை மூட்டிவிட்டு வந்தது, இரண்டும் அவருக்கு வேண்டாம். இன்றைய பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்காக நடத்துகிற பாடம் அந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடம் வந்த விதம்

கேட்பதைப் பாடமாக்கிய பெருமை அமெரிக்கருக்கு உரியது. 1960-ல் அங்கே நிதி திரட்டுகிறவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 1974-ல் ஹென்றி ரோஸோ என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் நிதி திரட்டும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1987-ல் அது இண்டியானா சர்வகலாசாலையோடு சேர்ந்தது. இன்றும் நடந்து வருகிறது.

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிதன்று. விருதுநகரில் வியாபாரிகள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று எடுத்துவைத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வந்தார்கள். அந்த மகமையிலும் பிடியரிசியிலும் வளர்ந்த க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வருஷக்கணக்காகப் பொதுஜனங்களிடமும் அரசாங்கத்திடமும் விடாமல் கேட்டு, 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்துவைத்தார். சென்னையில் சேவை சங்கத்தின் காரியதரிசியாக இருந்த மேரி கிளப்வாலா ஜாதவ், நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று கண்டு 1952-ல் சமூகப் பணிப் பள்ளியை நிறுவினார். பம்பாயில் டாடா சமூக விஞ்ஞானக் கழகம் 1936 முதலே இருந்து வருகிறது. இத்தகைய இடங்களில் சமூகப் பணிப் பட்டம் பெற்று, பிறகு ஒரு ஸ்தாபனத்தில் சேர்ந்து நிதி திரட்டுவதைக் கற்றுக்கொள்வதே நம் நாட்டில் பெரும்பாலோர் செல்லும் பாதை. அண்மைக் காலத்தில் தனிக் குறுகிய வகுப்புகளும் வந்திருக்கின்றன.

என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள்? முதலாவது, கேட்கும் வாக்கியம். "ஏதோ பார்த்துச் செய்யுங்கள், ஐயா" என்று தலையைச் சொறிந்தால் பத்து ரூபாய் வரும். அதுவும் ஆளை அனுப்பிவைப்பதற்காக. "எங்கள் விடுதியில் முப்பது பிள்ளைகள், ஒரு பிள்ளைக்குக் காலைச் சாப்பாட்டுச் செலவு மாதம் இவ்வளவு, நீங்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் ஏற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பாடம். மௌனம் தாங்காமல், "பாதி கொடுத்தாலும் போதும்" என்று தானே குறைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, கொடுத்தவரை மறக்காமல் இருப்பது. ரசீது அன்றைக்கே போக வேண்டும். நன்றிக் கடிதம் அந்த வாரத்துக்குள். பணம் என்ன ஆயிற்று என்ற விவரம், அடுத்த தடவை கேட்பதற்கு முன்பாகவே போய்ச் சேர வேண்டும். புதிதாக ஒருவரைத் தேடிப் பிடிக்கிற சிரமத்தையும் செலவையும் பார்த்தால், ஏற்கெனவே கொடுத்தவர் இரண்டாம் முறை கொடுப்பதில்தான் ஒரு ஸ்தாபனத்தின் பிழைப்பே இருக்கிறது.

மூன்றாவது, கூலி விவகாரம். திரட்டுகிற தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று கமிஷன் வாங்குவது முறையன்று என்பது அமெரிக்கச் சங்கத்தின் விதி. மாதச் சம்பளம் வாங்கலாம், கமிஷன் கூடாது. காரணம் சுலபம்: கமிஷன்காரன் இன்றைக்கு எவ்வளவு கறக்கலாம் என்று பார்ப்பான், அடுத்த வருஷம் அந்த வாசல் தனக்குத் திறக்குமா என்று பார்க்கமாட்டான். நம் ஊரில் ரசீதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, 'வசூலில் கால் பங்கு உனக்கு' என்று பையன்களைத் தெருவுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் போன தெருவில் யோக்கியமான காரியத்துக்குப் போகிறவர் படும் பாடு சொல்லி முடியாது.

அடுத்த வீட்டு அந்நியர்

காரைக்காலில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கலைச் சந்திக்க நேரும். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தாலும், ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்டு 16-ல். அப்போது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்து அப்படியே இருந்துகொண்டார்கள். அவர்களும் அவர்களுடைய சந்ததியாரும் இன்றும் காரைக்காலில் இருக்கிறார்கள், பிரான்சிலும் இருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் உண்டு. பிறந்த ஊரின் மேல் பாசமுள்ளவர்கள். கேட்டால் இல்லை என்னாதவர்கள்.

ஆனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கண்ணில், அந்நிய நாட்டுப் பிரஜை தருவது அந்நியப் பணம். அவர் அடுத்த வீட்டிலேயே இருந்தாலும், ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் அதே கதைதான். பாரிஸிலே வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தம் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நியப் பணமாகாது. பக்கத்து வீட்டுத் தாத்தா அந்நியர், பாரிஸிலே இருக்கிற பேரன் சொந்தக்காரர்! 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு பெறாமலோ முன் அனுமதி வாங்காமலோ தாத்தாவின் நூறு ரூபாயைத் தொட்டால் குற்றம். 2020-ல் வந்த திருத்தத்தின்படி இத்தகைய பணம் டில்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவும் நூற்றுக்கு இருபதைத் தாண்டக்கூடாது. ஆகையால் காரைக்காலில் கேட்கப் போகிறவர், கொடுப்பவரின் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. பாஸ்போர்ட்டையும் விசாரிக்க வேண்டும். அதை மனம் நோகாமல் விசாரிப்பது தனி சாமர்த்தியம்.

கம்பெனிகளிடம் கேட்பது வேறு வகை. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்திய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. காரைக்காலில் எண்ணெய்க் கழகத்தின் காவிரிப் படுகைக் காரியாலயம் இருக்கிறது. 2009 முதல் துறைமுகமும் இருக்கிறது. இங்கே கண்ணீர்க் கதை செல்லாது. திட்டம், மதிப்பீடு, தணிக்கைக் கணக்கு, பதிவு எண் எல்லாம் காகிதத்தில் வரிசையாக இருந்தாக வேண்டும்.

அலைக்குப் பிறகு

2004 டிசம்பர் 26 காலையில் கடல் புகுந்தபோது காரைக்கால் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டார்கள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, அக்கம்பேட்டை என்று கரையோரம் முழுவதும் அழுகுரல். அப்போது யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உலகமே கொட்டியது. இந்தக் கடற்கரை நெடுகிலும் சாலையோரங்களில் பழந்துணிகள் மலைபோல் குவிந்து, எடுக்க ஆளில்லாமல் மழையில் நனைந்து கிடந்தன. கொடுப்பவர்களுக்குப் படகு என்றால் கண்ணுக்குத் தெரிகிற தர்மம். ஆகவே சில ஊர்களில் தேவைக்கு மேலாகவே படகுகள் வந்து சேர்ந்தன.

மீனவ கிராமங்களில் பஞ்சாயத்தார் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுக் கோயில் திருவிழாவையும் பொதுக் காரியத்தையும் நடத்துவது பரம்பரை வழக்கம். எந்தப் பயிற்சியும் இல்லாமல் காசு பாக்கியில்லாமல் வசூலிக்கும் ஏற்பாடு அது. நிவாரணமும் பெரும்பாலும் அந்தத் தலைக்கட்டுக் கணக்கை வைத்தே பங்கிடப்பட்டது. கணக்கில் ஆண்தான் ஒரு புள்ளி. புருஷனை இழந்து தனியாக நின்ற பெண்கள் பல இடங்களில் விடுபட்டார்கள். மீன் பிடிக்காமல், மீனை நம்பிக் கூலி வேலை செய்து பிழைத்த தலித் குடும்பங்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இழந்ததாகக் காட்ட ஒன்றுமில்லாததால் பட்டியலில் இடமும் இல்லை.

இரண்டு மூன்று வருஷங்களில் முகாம்கள் கலைந்தன; ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போயின. பத்திரிகைகளில் சுனாமிச் செய்தி டிசம்பர் 26-க்கு மட்டும் வந்தது. பெற்றோரை இழந்த பிள்ளை அப்போதுதான் எட்டாவது வகுப்புக்குப் போயிருக்கும். படிப்பை முடிக்க இன்னும் பத்து வருஷம் பணம் வேண்டும்.

காரைக்காலில் யாராவது இந்தப் பயிற்சி வகுப்பை நடத்தினால் அதற்கான பரீட்சைக் கேள்வி தயாராக இருக்கிறது: சுனாமி நடந்து நான்காவது வருஷம், அந்தப் பிள்ளையின் பெயரையும் படத்தையும் போடாமல், அதன் பள்ளிச் சம்பளத்துக்காக, முதல் வாரத்தில் பழந்துணி அனுப்பிய ஒருவருக்கு ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் கடிதம் எழுதுக.