எண்ணெய் காய்கிறதா, கனக்கிறதா?

பிளாஸ்டிக் குண்டு சுடும் மாதிரியான ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் மரக்கட்டையைப் புதுப்பிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் அடித்த வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாகப் பூசினால், ஒரு வாரம் கழித்தும் கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கிறதே, ஏன்? வெயிலில் வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடாதா? இரண்டு கேள்விக்கும் அடியில், எண்ணெயிலிருந்து ஏதோ ஆவியாகிப் போய்த்தான் அது காய்கிறது என்ற எண்ணம் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. ஒரு கண்ணாடித் தகட்டில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் தராசில் வைத்துப் பாருங்கள். இறுக இறுக அதன் எடை கூடும், அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேல். கூடியது காற்றிலிருந்து வாங்கிய ஆக்சிஜன். மெல்லிய பூச்சு, நல்ல காற்றோட்டம், இடைவெளி விட்டு அடுத்த பூச்சு என்று அனுபவசாலிகள் சொல்வதெல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து வருகிறது.

ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ பாதி லினோலெனிக் அமிலம். அதன் நீண்ட கரிமச் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனில் ஹைட்ரஜன் தளர்வாகவே ஒட்டியிருக்கும். அது கழன்றதும் அந்தச் சங்கிலியில் ஆக்சிஜன் வந்து உட்காருகிறது. உட்கார்ந்தது பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. இப்படியே தொடர்ந்து, கடைசியில் சங்கிலிகள் ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைந்துவிடுகின்றன. விரித்த கூந்தலில் சிக்கு விழுவது போலத்தான் இது. ஒன்றிரண்டு சிக்கு என்றால் சீப்பு நுழையும். புதிய பூச்சை டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். தலை முழுக்கச் சிக்கு என்றால் கத்தரிக்கோல்தான். இறுகிய பூச்சுக்கு உப்புத்தாள்தான். சிக்கு எடுக்க நாம் தலையில் தடவும் தேங்காய் எண்ணெயோ தானே சிக்கு விழாத கூந்தல். அதன் கொழுப்பில் பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பே இல்லாதது. இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் அயோடின் எண்ணில் ஆளிவிதை எண்ணெய் 170-ஐத் தாண்டும், தேங்காய் எண்ணெய் 10-ஐ ஒட்டியே நிற்கும். துப்பாக்கிக் கட்டையில் அதைப் பூசினால் ஆண்டுக்கணக்கில் எண்ணெயாகவே இருக்கும், தூசியைப் பிடித்துக்கொண்டு.

பிசுபிசுப்புக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. கனமாகப் பூசினால் மேற்பரப்பு முதலில் இறுகி, கீழே உள்ள எண்ணெய்க்குக் காற்று போகாமல் அடைத்துவிடும். வெயில் வினையை விரைவுபடுத்தும் என்பது உண்மை. கனத்த பூச்சில் அந்த அடைப்பையும் சேர்த்தே விரைவுபடுத்தும். எனவே பூசிய பத்துப் பதினைந்து நிமிடத்தில், மரம் குடித்தது போக மிஞ்சியதை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். 'வேகவைத்த' ஆளிவிதை எண்ணெய் என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் வேகவைத்ததும் அல்ல. கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைச் சேர்த்து இதே வினையை முடுக்கிவிட்டது. எண்ணெய் ஆழ ஊடுருவி மரத்துக்கு ஊட்டம் தருகிறது என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். வெட்டிய மரத்துக்கு ஊட்டம் என்று எதுவுமில்லை. வெட்டுமுனையில் மட்டும் எண்ணெய் சற்று ஆழம் போகும். பக்கவாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது.

இந்தக் கட்டைக்கு எண்ணெய் ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஏர்சாஃப்டின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சட்டம் கடுமையான ஜப்பானில் பிறந்த பொழுதுபோக்கு அது. டோக்கியோ மாருய் நிறுவனம் 1991-இல் மின்மோட்டாரில் இயங்கும் ஃபாமாஸ் துப்பாக்கியின் மாதிரியைக் கொண்டுவந்ததும் சூடுபிடித்தது. நம் விஷயத்துக்கு முக்கியம் ஆற்றல் கணக்குதான். ஜப்பானின் உச்சவரம்பு 6 மில்லிமீட்டர் குண்டுக்கு 1 ஜூலுக்குச் சற்றுக் குறைவு, அதாவது 0.2 கிராம் பிளாஸ்டிக் குண்டு நொடிக்குச் சுமார் 99 மீட்டர் வேகத்தில் போகும். உண்மையான ராணுவத் துப்பாக்கியான மவுசர் கார் 98கே-இல் குண்டின் ஆற்றல் 3,500 ஜூலுக்கும் மேல். மாதிரியின் மரக்கட்டை பின்னுதையைத் தாங்க வேண்டியதில்லை. வியர்வை, தூறல், சிராய்ப்பு இவைதான் அதன் எதிரிகள்.

அப்படியானால் பாலியூரிதேன் பூசலாமே, தண்ணீரை இன்னும் நன்றாகத் தடுக்குமே என்று கேட்கலாம். தடுக்கும்தான், ஈரக்காற்றை நிறுத்துவதில் எண்ணெய்ப் பூச்சு பலவீனமானது. ஆனால் சுவரோரமும் புதரிலும் உரசும் கட்டையில் கீறல் விழாமல் இருக்காது. கீறிய பாலியூரிதேனின் விளிம்பு வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் தனியாகத் துருத்தும். எண்ணெய்ப் பூச்சிலோ அந்த இடத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துளி எண்ணெய் தடவினால் பழையதோடு கலந்துவிடும். மழையிலேயே ஆடுபவருக்கு என் பரிந்துரை மாறும், மற்றவர்களுக்கு எண்ணெய்தான்.

ஆக்சிஜனை வாங்கும் வினை வெப்பத்தையும் வெளியிடும். கட்டையின் மேல் அது காற்றோடு கலைந்துவிடும். கசக்கிக் குப்பைக்கூடையில் போட்ட எண்ணெய்த் துணிக்குள் தேங்கி, தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தது ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளால்தான். வேலை முடிந்த உடனே துணியை விரித்து, ஒற்றை மடிப்பாக, வெளியில் கொடியில் தொங்கவிடுங்கள். விறைத்துப்போன பிறகு குப்பையில் போடலாம். அதற்கு இடமில்லை என்றால், தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்திவையுங்கள்.