ஸ்பீக்கருக்குக் கீழே என்ன வைப்பது? வன்னி வீடுகளுக்கு ஒரு விளக்கம்

தொண்ணூறுகளில் வன்னியில் வானொலி கேட்பதற்கு ஒருவர் சைக்கிள் மிதிக்கவேண்டியிருந்தது. மின்சாரம் இல்லை. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, சில்லோடு டைனமோவைச் சேர்த்து, அதிலிருந்து வயர் இழுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற். நான்கு பற்றரி போடும் பெட்டிக்குத் தேவையானதும் 6 வோல்ற்தான். டைனமோவின் மின்சாரம் ஆடலோட்டம் என்பதால், இடையில் டயோட்டும் கொண்டென்சரும் போடத் தெரிந்தவர்களின் பெட்டி இரையாமல் பேசியது. மற்றவர்கள் இரைச்சலோடு செய்தி கேட்டார்கள். ஒலியின் தரத்தைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. தமிழோசை கேட்டால் போதும்.

இன்று அதே ஊர்களில் வேறு கேள்வி வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வரும் உறவுகள் தாங்கள் பாவித்த அம்பிளிபயரையும் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் இசைத்தட்டுச் சுழலியும் கொண்டுவருகிறார்கள். கூடவே ஒரு சிறு பெட்டியில் றப்பர் வில்லைகள், பித்தளைக் கூம்புகள், ஸ்பிரிங் வைத்த கால்கள். இவற்றைக் கருவிகளுக்குக் கீழே வைத்தால் ஒலி தெளியும் என்கிறார்கள். ஒரு செற் கால்களுக்கு நூற்றுக்கணக்கான டொலர் கொடுப்பவர்களும் உண்டு. எமது வீடுகளுக்கு இவை தேவையா?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது அதன் பெட்டியும் எதிர்த்திசையில் சிறிது அசைகிறது. பெட்டி நிற்கும் மேசை அந்த அசைவை வாங்கித் தன் பலகை முழுவதாலும் ஒலிக்கத் தொடங்கும். கண்ணாடி போட்ட அலுமாரியின் மேல் ஸ்பீக்கரை வைத்துப் பறை அடிக்கும் பாட்டொன்றைப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் கோப்பைகளும் சேர்ந்து அடிக்கும். இது வெளியே போகும் அதிர்வு. உள்ளே வரும் அதிர்வும் உண்டு: வீதியில் போகும் உழவு இயந்திரம், கிணற்றடி மோட்டர், நடப்பவர்களின் காலடி. இவை தரை வழியாக மேசைக்கு ஏறி இசைத்தட்டின் ஊசியை ஆட்டும்.

காலின் வேலை இந்த வழியை அறுப்பது. அது அறுக்கிறதா இல்லையா என்பது அதன் விலையில் இல்லை, பாரத்தின் கீழ் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதில் இருக்கிறது. ஸ்பிரிங்கின் மேல் வைத்த பாரம் 1 மில்லிமீற்றர் அமுங்கினால், அதைத் தட்டிவிடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 16 தடவை ஆடும். 4 மில்லிமீற்றர் அமுங்கினால் 8 தடவை. 10 மில்லிமீற்றர் என்றால் 5 தடவை. இந்த இயல்பான ஆட்டத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் அதிர்வுகளைத்தான் கால் குறைக்கும். அதற்குக் கீழே உள்ளவற்றைக் குறைக்காது. இயல்பான ஆட்டத்துக்குச் சமமான வேகத்தில் வரும் அதிர்வைப் பெருக்கியும் விடும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஏற்றபடி தள்ளினால் உயரப் போவது போலத்தான்.

கடினமான றப்பர் வில்லை ஒன்று ஸ்பீக்கரின் கீழ் 0.1 மில்லிமீற்றர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயல்பான ஆட்டம் 50. அது 70க்கு மேல்தான் வேலை செய்யத் தொடங்கும். மேசையை அதிரவைக்கும் ஆழ்ந்த மேளச் சத்தத்தின் பெரும்பகுதி அதற்குக் கீழேயே கடந்து போய்விடும். மறுபக்கம், மெத்தைப் பஞ்சில் வெட்டிய துண்டைப் பாரமான பெட்டிக்குக் கீழே வைத்தால் அது முற்றாகச் சப்பையாகிவிடும். சப்பையான பஞ்சு பலகைக்குச் சமம்.

நல்ல கால்களுக்குப் பார அளவு குறித்து விற்பது இதனால்தான். எம்மவர் நிறைந்து வாழும் கனடாவின் மார்க்கம் நகரத்தில் ஐசோஅகூஸ்ரிக்ஸ் என்ற கொம்பனி இருக்கிறது. கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான சிபிசியில் நீண்டகாலம் வேலை செய்த டேவ் மொரிசன் என்பவர் தொடங்கியது. அதன் கையா வகைக் கால்களில் மூன்றாம் இலக்கம் நான்கு கால்களுமாக 32 கிலோ வரை தாங்கும். இரண்டாம் இலக்கம் 54 கிலோ, முதலாவது 100 கிலோ. 8 கிலோ ஸ்பீக்கருக்குப் பெரியதை வாங்கினால் கால் அமுங்காது. அதிகப் பணம் கொடுத்துக் குறைந்த பலனை வாங்கியதாகிவிடும். உறவினரிடம் ஏதாவது கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் ஸ்பீக்கரைத் தராசில் வைத்து நிறுத்து அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஆனால் இந்தப் பொருள்கள் யாருடைய வீட்டை நினைத்துச் செய்யப்பட்டவை என்பதையும் பார்க்கவேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் பல வீடுகளின் தளம் மரச்சட்டங்களின் மேல் அடித்த பலகை. அதன் கீழே வெற்றிடம். ஒருவர் நடந்தால் தளமே துள்ளும், ஸ்பீக்கர் பாடினால் தளமும் பாடும். எமது வீட்டுத்திட்ட வீடுகளோ, கல்லும் மண்ணும் நிரப்பி இறுக்கி மேலே கொங்கிறீற் போட்டவை. நடந்தால் ஆடாது. பெரிய ஸ்பீக்கர் வைத்தாலும் அந்தத் தரை பாடாது. தரையில் நேரடியாக நிற்கும் உயரமான ஸ்பீக்கருக்கு வன்னியில் விலையுயர்ந்த கால் தேவையில்லை என்பதே என் முடிவு. பெட்டி தளம்பாமல் இருக்க நான்கு சிறு றப்பர் துண்டுகள் போதும்.

கூர்க் கால்களின் கதையும் இதுதான். கூர் அதிர்வைத் தடுப்பதில்லை, பெட்டியைத் தரையோடு இறுக்குகிறது. தடித்த கம்பளத்தைத் துளைத்துக் கீழே இருக்கும் தளத்தைத் தொடுவதற்காக வந்தது அது. கம்பளம் இல்லாத வீட்டில் மாபிள் பதித்த தரையை ஓட்டை போடுவதுதான் மிச்சம். வைத்தே ஆகவேண்டுமென்றால் கூருக்குக் கீழே ஒரு நாணயத்தை வையுங்கள்.

சிறிய ஸ்பீக்கர்கள்தான் கவனிக்கவேண்டியவை. அவற்றை ரிவி மேசையிலோ அலுமாரியிலோ வைப்பதால்தான் முக்கால்வாசிக் கெடுதலும் வருகிறது. வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே ஒரு பலகை வைத்தால், கடையில் வாங்கும் இரும்பு ஸ்ராண்டுக்குக் குறையாத தாங்கி கிடைக்கும். பாரமானது, அதிராது, கறையானும் அரிக்காது. பிள்ளைகள் ஓடும் வீடென்றால் கற்களைச் சாந்து போட்டு ஒட்டிவிடுங்கள். ஸ்பீக்கரின் சிறிய கூம்பு காதின் உயரத்துக்கு வரவேண்டும். கதிரையில் இருந்து கேட்பவருக்கு அது ஒரு மீற்றர் அளவில் வரும். பாயில் இருந்து கேட்பவருக்கு முக்கால் மீற்றரே போதும், ஒரு கல்லைக் குறைத்துவிடலாம்.

மரப்பெட்டி செய்து மணல் நிரப்பியும் தாங்கி செய்யலாம். மணலின் துணிக்கைகள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைச் சூடாக்கி அழித்துவிடும். இங்கிலாந்தின் வார்ப்டேல் கொம்பனியைத் தொடங்கிய கில்பேர்ட் பிறிக்ஸ் 1950களில் இரண்டு பலகைகளுக்கு நடுவே மணல் நிரப்பியே ஸ்பீக்கர்களைச் செய்து விற்றார். கடற்கரை மணல் என்றால் நன்னீரில் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், ஆணி துருப்பிடிக்கும். தகரக் கூரை அதிர்வதற்கு மட்டும் இவை எதுவும் மருந்தல்ல. அந்த அதிர்வு காற்று வழியாகப் போவது. கூரையின் ஆணியை இறுக்குங்கள் அல்லது சத்தத்தைக் குறையுங்கள்.

அம்பிளிபயருக்குக் கால் வாங்கவேண்டாம். வால்வு போட்ட பழைய பெட்டி தட்டினால் சத்தம் கொடுக்கும், அதற்கு மெத்தென்ற கால் உதவும். ரான்சிஸ்ரர் அம்பிளிபயரில் ஆடுவதற்கு எதுவும் இல்லை. காற்றோட்டம் கொடுத்தால் போதும்.

இசைத்தட்டுச் சுழலி மட்டும் உண்மையாகவே கால் கேட்கும் கருவி. தட்டின் வரி ஏறத்தாழ ஒரு தலைமயிரின் அகலம். அதன் சுவரில் ஊசி வாசிக்கும் நெளிவுகளில், மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவையும் உண்டு. மேசையின் அதிர்வையும் ஊசி பாட்டாகவே வாசிக்கும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1961இல் கொண்டுவந்த ஏஆர் சுழலியில் தட்டும் ஊசிக்கையும் ஒரே சட்டத்தில் இருந்தன, சட்டம் ஸ்பிரிங்குகளில் நின்றது. 1972இல் ஸ்கொட்லாந்தின் லின் கொம்பனி கொண்டுவந்ததும் அதே வழிதான். இவ்வகைச் சுழலிகள் துள்ளும் மரத்தளத்தில் காலடிக்குத் தடுமாறும். எமது சீமெந்துத் தரை அவற்றுக்கு வாய்ப்பான தரை.

ஸ்பிரிங் இல்லாத சாதாரண சுழலி என்றால் சைக்கிள் கடைக்குப் போங்கள். சிறுவர் சைக்கிளின் 12 அங்குல ரியூப் ஒன்றை வாங்கி, கொஞ்சமாகக் காற்றடித்து உறுதியான மேசையில் வையுங்கள். அதன்மேல் கனமான பலகை, பலகையின்மேல் சுழலி. விரலால் அழுத்திவிட்டால் மெதுவாக ஆடவேண்டும். விறைப்பாக இருந்தால் காற்றைக் குறையுங்கள். பிறகு மேசன்மாரின் நீர்மட்டத்தை வைத்துச் சமன் பாருங்கள். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் இந்த ரியூப்பின் அருமை தெரியும். பலன் இருக்கிறதா என்று பார்க்க, சுற்றாமல் நிற்கும் தட்டில் ஊசியை வைத்துச் சத்தத்தை ஓரளவு கூட்டி மேசையை விரலால் தட்டுங்கள். ரியூப் இல்லாமல் ஒரு தடவை, இருக்கும்போது ஒரு தடவை. சுழலியும் ஸ்பீக்கரும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. சத்தம் கூடினால் ஒன்றை ஒன்று தூண்டி ஊளையிடும்.

கசெற் விடயத்தில் நிலைமை வேறு. எம்மில் பலருக்கு இசைத்தட்டைவிடப் பெறுமதியானது அதுதான். கடிதத்துக்குப் பதிலாகக் குரலைப் பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. இங்கே இருந்தவை இடப்பெயர்வுகளிலும் 2009இலும் போய்விட, அனுப்பிய பிரதி மட்டும் கனடாவில் ஒரு லாச்சிக்குள் இருந்து திரும்பி வருகிறது. அதில் பேசுபவர் இன்று இல்லாமல் இருக்கலாம், எங்கே என்று தெரியாதவராகவும் இருக்கலாம். அந்தக் கசெற்றைப் போடும் பெட்டிக்கு மேசை அதிர்வு பெரிய எதிரி அல்ல. கால் வாங்க வைத்திருக்கும் காசை அங்கே மாற்றிச் செலவழியுங்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த பெட்டியின் றப்பர் பட்டி தளர்ந்திருக்கும். நாடாவை இழுக்கும் றப்பர் உருளை கல்லாகியிருக்கும். குரல் இழுபடுவதும் நாடா சிக்குவதும் இவற்றால்தான். பட்டியையும் உருளையையும் மாற்றி, தலையை ஐசோபுறொப்பைல் அல்ககோலால் துடைத்து, தேவையில்லாத பாட்டுக் கசெற் ஒன்றை முழுவதும் ஓடவிட்டுப் பார்த்த பிறகு அந்தக் கசெற்றைப் போடுங்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவைப் போடவே வேண்டாம், துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கசெற்றுகளை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஸ்பீக்கரின் காந்தம் நாடாவில் பதிந்ததை மெல்ல மெல்ல அழிக்கலாம். அவற்றை இன்றே வேறிடத்துக்கு மாற்றுங்கள். கணினியில் பதியும்போது எம்பி3 ஆக வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கட்டும். ஊருக்கும் உரிய பதிவு என்று நினைத்தால், நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வைக்கிறது.

பதியும் நேரத்தில் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். சுழலியோ கசெற் பெட்டியோ, செலவில்லாத அதிர்வுத் தடுப்பு அதுதான். மேசை விசிறி அதே மேசையில் இருந்தால் கீழே இறக்கிவிடுங்கள். சி-60 கசெற்றின் ஒரு பக்கம் முடிய 30 நிமிடம் எடுக்கும்.