காஸ் நிறைந்திருக்கிறது, எண்ணெய் எங்கே?

நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு இந்த விதி பொருந்தும். அக்னி நட்சத்திர வெயிலில் நாள் முழுக்க இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டிய நியாயம் இது. இந்தச் செய்தியைப் படித்த துறையூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் காருக்குக் கோடைதோறும் காஸ் போடுகிறேன். கூலிங்கும் வந்துவிடும். அப்படியிருந்தும் கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டது. லாரிகளுக்கும் இதே கதிதானா?"

காஸைக் கவனித்தவர் எண்ணெயைக் கவனிக்கவில்லை. அவருக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

இன்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு, அளவு பார்க்கக் கம்பி உண்டு. பெரும்பாலான கார் ஏசி கம்ப்ரஸர்களில் இவை இரண்டுமே கிடையாது. சிறிய காரில் நூறு, நூற்றைம்பது மில்லி எண்ணெய்தான் மொத்தமே. அதுவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. காஸோடு சேர்ந்து கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரஸருக்குக் கிடைப்பது அப்படிச் சுற்றித் திரும்பி வரும் எண்ணெய்தான். அது திரும்பி வரும் விதத்தில்தான் இந்த இயந்திரத்தின் அழகே இருக்கிறது.

கண்டென்சரில் காஸ் திரவமானதும் எண்ணெய் அதில் கரைந்துவிடும். எக்ஸ்பான்ஷன் வால்வு வரை அதற்குச் சிரமமில்லை. சிக்கல் கூலிங் காயிலில் தொடங்குகிறது. கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சும் கொப்பரையை நினைத்துக்கொள்ளுங்கள். சாறு கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிவிடும், பாகு தங்கிவிடும். கூலிங் காயிலும் ஒரு கொப்பரைதான். காருக்குள் இருக்கும் சூடான காற்றுதான் அதற்கு அடுப்பு. காஸ் கொதித்து ஆவியாகும். எண்ணெய் கொதிக்காது, பாகாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெல்லம் காய்ச்சுகிறவருக்குப் பாகு கொப்பரையில் தங்க வேண்டும். இங்கே தங்கவே கூடாது. வெளியேறும் ஆவியே சுவரோடு உரசி அந்தப் பாகை இழுத்துக்கொண்டு போய்க் கம்ப்ரஸரில் சேர்க்க வேண்டும். பாகில் கொஞ்சம் நீர் மிச்சமிருந்தால் இளகி ஓடுவதுபோல, எண்ணெயில் கொஞ்சம் காஸ் கரைந்திருந்தால் அதுவும் இளகி ஓடும்.

இனி, காஸ் கசிந்து குறைகிறது என்று வையுங்கள். காயிலின் பாதி வழியிலேயே திரவம் தீர்ந்துவிடும். மீதிப் பாதியில் வறண்ட ஆவிதான். எண்ணெயில் கரைந்திருந்த காஸும் பிரிந்துவிட, அது பதம் தாண்டிய பாகாகக் கெட்டிப்படுகிறது. இழுத்துச் செல்லும் ஆவிக்கும் பழைய வேகம் இல்லை. எண்ணெய் வண்டிக்குள்ளேதான் இருக்கிறது. கம்ப்ரஸருக்குத்தான் வந்து சேரவில்லை. காஸ் மிகவும் குறைந்தால் அழுத்த சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அதற்கு முன்பு, ஏசி சுமாராகக் குளிரும் வாரங்கள்தான் ஆபத்தானவை. வாசகரின் கம்ப்ரஸர் ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் அப்படி வறண்டு ஓடித் தேய்ந்திருக்கும்.

அதற்காக எண்ணெயைக் கூடுதலாக ஊற்றுவதும் தீர்வல்ல. கொப்பரைச் சுவரில் பாகு தடித்துப் படிந்தால் சாற்றுக்குச் சூடு ஏறாது. காயிலிலும் எண்ணெய்ப் படலம் தடித்தால் வெப்பம் உள்ளே போகாது. கூலிங் குறையும், அழுத்தம் ஏறும். எண்ணெய் மொத்தமாகக் கம்ப்ரஸருக்குள் பாய்ந்தால், திரவத்தை அமுக்க முடியாது என்பதால் வால்வுத் தகடுகளே உடையலாம்.

வரலாற்றில் இங்கே தேவைப்படுவது கொஞ்சம்தான். தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திய முதல் கார்களை அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடலாக விற்றது. பிறகு பல பத்தாண்டுகள் கார்களில் ஆர்-12 காஸ்தான். அதில் சாதாரண மினரல் எண்ணெய் நன்றாகக் கரைந்தது. ஓசோனைக் காக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, அதன் விளைவாக ஆர்-134ஏ வந்தபோது, பழைய எண்ணெய் அதில் கரைய மறுத்தது. எண்ணெய் திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே பிஏஜி என்ற செயற்கை எண்ணெய்க்கு மாற வேண்டியதாயிற்று. பிஏஜி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பட்டறை அலமாரியில் நாள்கணக்கில் திறந்து கிடந்த பாட்டிலிலிருந்து அதை ஊற்றக் கூடாது. மின்சாரக் கார்களில் பெரும்பாலும் பிஓஇ என்ற வேறொரு செயற்கை எண்ணெய்தான். மோட்டாரே கம்ப்ரஸருக்குள் இருப்பதால் அங்கே பிஏஜி கலந்தால் மின்காப்பு கெடும்.

எண்ணெய் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. கசிவோடு போகும், அல்லது கழற்றிய பாகத்தோடு போகும். எவ்வளவு போனதோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். மொத்த அமைப்புக்கும் சேர்த்து 120 மில்லி எண்ணெயோடு புதுக் கம்ப்ரஸர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழையதைக் கவிழ்த்தால் 50 மில்லி வடிகிறது. மீதி 70 மில்லி, கசிந்திராவிட்டால், குழாய்களில்தான் இருக்கிறது. ஆகவே புதியதிலிருந்து ஏறத்தாழ 70 மில்லியை எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பழைய கம்ப்ரஸர் உலோகத்தூளைக் கக்கியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அமைப்பிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும். நுண்துளைக் கண்டென்சரைக் கழுவிச் சுத்தப்படுத்த முடியாது. பெரும்பாலும் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இந்த எண்ணெய்க் கணக்கைச் சொல்லாமல், ஆண்டுதோறும் காஸ் மாற்றச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். கசிவில்லாத ஏசியில் காஸ் தேய்ந்து தீர்வதில்லை. கசிவை அடைப்பதாகச் சொல்லும் திரவங்களும், எண்ணெய் கலந்த காஸ் டப்பாக்களும் இன்னும் மோசம். மெல்லிய கசிவில் காஸ் போகும், எண்ணெய் பெரும்பாலும் தங்கிவிடும். ஒவ்வொரு டப்பாவும் அதன்மேல் எண்ணெயைச் சேர்த்துக்கொண்டே போகும்.

காராக இருந்தாலும் லாரியாக இருந்தாலும் செய்ய வேண்டியவை இவைதான். கூலிங் குறைந்தால் ஏசியை நிறுத்திவிட்டு, முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சும்மா நிற்கும் வண்டியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள்; கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் எண்ணெய் பட்டுக் காயாமல் இருக்கும். வேலை முடிந்ததும் பில்லில் இரண்டு எண்களைக் கேளுங்கள்: காஸ் எத்தனை கிராம், எண்ணெய் எத்தனை மில்லி. இரண்டாவது எண்ணைத் தயங்காமல் எழுதித் தரும் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள்.