மூச்சு விடும் குகையும் சக்கரம் வைத்த வீடும்



குகை என்றால் நமக்குப் பத்துமலைதான். தைப்பூசத்துக்கு லோரி பிடித்துப் போய், 272 படி ஏறி, முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவோம். அது ஏறிப் போகிற குகை. நான் இன்று சொல்ல வந்தது இறங்கிப் போகிற குகை.

தொழிற்சங்கப் பயிற்சி ஒன்றுக்காக அமெரிக்கா போயிருந்தேன். பயிற்சி முடிந்ததும், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற சங்க நண்பர் ஒருவர், "பிரதர், ஊரைப் பார்க்காமல் போகக்கூடாது" என்று தன் வீட்டு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். வீட்டு வண்டி என்றால் சின்ன பஸ் மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், அடுப்பு, ஐஸ்பெட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. சக்கரம் வைத்த வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போன இடம் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள கறுப்பு மலை. பைன் மரங்கள் அடர்ந்து, தூரத்திலிருந்து கறுப்பாகத் தெரிவதால் அந்தப் பெயர். மலையின் தெற்குப் பக்கத்தில் ‘விண்ட் கேவ்’ என்கிற காற்றுக் குகை இருக்கிறது. பக்கத்திலேயே எல்க் மவுண்டன் என்ற முகாம். அங்கே இரண்டு இரவு தங்கினோம்.

பைப்படிக்கு வந்த வெள்ளைக்காரர்கள்

முகாம் என்றதும் ஹோட்டல் மாதிரி நினைக்க வேண்டாம். புல்வெளியும் பைன் மரமும் சேருகிற இடத்தில் அறுபது வண்டி நிற்கிற அளவுக்கு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு அடுப்பு, அவ்வளவுதான். வண்டிக்குக் கரண்டு கிடையாது. தண்ணீர்க் குழாயும் வண்டிக்கு வராது. பொதுக் குழாயில் பிடித்து வரவேண்டும். குளிர்காலம் வந்தால் குழாய் உறைந்துவிடும் என்று அந்தத் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள்.

காலையில் பார்க்கிறேன், தலை நரைத்த வெள்ளைக்காரர்கள் வாளியும் கையுமாகக் குழாயடியில் நிற்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்த லயத்தில் அத்தனை வீட்டுக்கும் ஒரே பைப்புதான். விடியற்காலை நாலு மணிக்கே வாளி வரிசை பிடிக்கும், சண்டையும் அப்போதே தொடங்கும். நாம் விட்டு ஓட நினைத்த வாழ்க்கையை இவர்கள் காசு கொடுத்து வாழ வந்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அந்த நினைப்பு பாதிதான் சரி என்பது மறுநாள் இரவுதான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொப்பியைத் தூக்கிய காற்று

1881இல் பிங்ஹாம் என்ற அண்ணன் தம்பி இருவர் இந்தப் பக்கம் வந்தபோது, தரையில் இருந்த ஒரு சின்னப் பொந்திலிருந்து வந்த காற்று தலையில் இருந்த தொப்பியைத் தூக்கி எறிந்ததாம். அந்தப் பொந்து இன்றும் இருக்கிறது. ஓர் ஆள் நுழைவதே பெரும்பாடு. வனக்காவலர் ஒரு ரிப்பனை அதன் வாயில் பிடித்துக் காட்டினார். ரிப்பன் வெளியே பறந்தது.

இது பேய் பிசாசு வேலையில்லை. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியே பாயும். வெளியே அழுத்தம் கூடினால் காற்று உள்ளே போகும். குகை மூச்சு விடுகிறது என்று சொன்னாலும் தப்பில்லை. உள்ளே அளந்து பார்த்த பாதையே 250 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. இவ்வளவு பெரிய நெஞ்சுக்கு மூக்கு மட்டும் அத்தனை சிறியது!

பக்கத்தில் வெட்டி வைத்த வாசல் வழியாக முந்நூறு படி போல இறங்கினோம். உள்ளே வெயில்காலம் குளிர்காலம் எல்லாம் ஒன்றுதான், எப்போதும் 12 டிகிரி. கூரையெல்லாம் மெல்லிய கல் தகடுகள், ஜன்னல் கட்டம்போல, தேனடைபோலப் பின்னிக் கிடக்கின்றன. உலகில் இந்த வகைக் கல் வேலைப்பாடு மிக அதிகமாக இருப்பது இங்கேதான். நடுவழியில் காவலர் விளக்கை அணைத்தார். என் கையை என் கண்ணுக்கு முன்னால் வைத்தேன், தெரியவில்லை.

அந்த இருட்டில் மெழுகுவத்தியும் நூலும் வைத்துக்கொண்டு வழி தேடியவன் ஆல்வின் மெக்டொனால்ட் என்ற பையன். சுரங்கக் கம்பெனி ஒன்று அவன் அப்பாவைக் காவலுக்கு வைத்தது. தோண்டி எடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. குடும்பம் வழிகாட்டி வேலையில் இறங்கியது. பையன் நாள்தோறும் குகைக்குள் போய், கண்டதை நோட்டில் எழுதி வைத்தான். கடைசியில், இதன் முடிவைக் காண முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டான். 1893இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தபோது வயது 20. குகை வாசலுக்கு அருகிலேயே புதைத்திருக்கிறார்கள். 1903இல் இது தேசியப் பூங்கா ஆனது. ஒரு குகையைக் காப்பாற்றுவதற்காக அமைந்த முதல் தேசியப் பூங்கா இதுதான்.

முப்பது டாலர் சம்பளம்

படியில் இறங்கும்போது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் படியைப் பார்த்தேன். யார் போட்ட சிமெண்டு என்று கேட்டேன். காவலருக்கே ஆச்சரியம், அந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லையாம்.

1930களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933இல் ஒரு வேலைப் படையைத் தொடங்கினார். கல்யாணமாகாத இளைஞர்களை முகாமில் வைத்துக் காடு, சாலை, பூங்கா வேலை கொடுத்தார். சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே பெற்றோருக்குப் போய்விடும், பையன் கையில் ஐந்து டாலர்தான். 1942 வரை அந்தப் படை இருந்தது. சிமெண்டுப் படி, ஏறக்குறைய 200 அடி ஆழத்துக்கு லிஃப்டுக்கான குழி எல்லாம் அந்தப் பையன்கள் உழைப்பு. இறங்குகிற ஒவ்வொரு படியும் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பு எரிய வைத்த படி.

முதலில் வந்தவர்கள்

குகையை 1881இல் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று சொன்னேன். லகோட்டா மக்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் கணக்குப்படி, மனிதர்கள் பூமிக்கு மேலே வந்ததே இந்தப் பொந்தின் வழியாகத்தான். கட்டளைக்குக் காத்திராமல் ஆசை காட்டியவர் பேச்சை நம்பி முதலில் வந்தவர்களைப் படைத்தவன் காட்டெருமைகளாக மாற்றிவிட்டானாம். பிறகு தோக்காஹே என்ற தலைவனின் பின்னால் முறைப்படி வந்தவர்களுக்கு, அந்த எருமையின் தடத்தைப் பிடித்துப் போங்கள், சோறும் துணியும் கூரையும் அதிலிருந்தே கிடைக்கும் என்று சொல்லப்பட்டதாம்.

1868இல் அமெரிக்க அரசு கறுப்பு மலை உங்களுக்குத்தான் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. 1874இல் மலையில் தங்கம் தெரிந்தது. 1877இல் நிலம் பறிபோனது. நூறு வருஷம் கழித்து, 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசு நியாயமான விலை கொடுக்காமல் எடுத்தது என்று சொல்லி, வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தரச் சொன்னது. அந்த மக்கள் வாங்கவில்லை! வட்டி குட்டி போட்டு இப்போது நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய பைன் ரிட்ஜ் பகுதி அமெரிக்காவிலேயே மிக ஏழையான இடங்களில் ஒன்று. அப்படியும் கை நீட்டவில்லை. பணத்தை வாங்கினால் நிலத்தை விற்றதாக ஆகிவிடும் என்கிறார்கள்.

எருமைகள் மட்டும் திரும்பி வந்துவிட்டன. வேட்டையாடி அழிந்த இடத்துக்கு 1913இல் நியூயார்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து பதினான்கு காட்டெருமைகளை ரயிலில் கொண்டுவந்து விட்டார்கள். நான் பசியாறிக்கொண்டிருந்தபோது ஒன்று முகாமைத் தாண்டிப் போனது, லோரி நகர்ந்ததுபோல.

"இதுதான் வீடு"

இரண்டாம் இரவு அடுத்த வண்டிக்காரர்களோடு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். எழுபதைத் தொடும் தம்பதி. "உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இதுதான் வீடு" என்று அந்த அம்மா வண்டியைத் தட்டிக் காட்டினார்.

புருஷனுக்கு நோய், ஆஸ்பத்திரிக் கடன். 2008இல் பொருளாதாரம் விழுந்தபோது வீடு பேங்குக்குப் போய்விட்டது. மிச்சப் பணத்தில் பழைய வண்டி ஒன்று வாங்கினார்கள். கோடையில் வேறு ஒரு முகாமில் கக்கூஸ் கழுவி, குப்பை வாரினால் வண்டி நிறுத்த இடம் இனாம். அக்டோபரில் வடக்கே சர்க்கரைக் கிழங்கு அறுவடை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். அங்கேயும் இடம் கொடுப்பார்கள். பனி கொட்டும் முன் தெற்கே ஓட்டம். இப்படி ஆயிரக்கணக்கான கிழவர் கிழவிகள் அந்த நாட்டில் சுற்றுகிறார்களாம்.

"வேலை முடிஞ்சா?" என்றேன்.

"வேலை முடிஞ்சா இடமும் முடிஞ்சுது."

எனக்கு என் தாயார் ஞாபகம் வந்தது. முப்பத்தோரு வருஷம் பால் வெட்டியவர். கடைசிப் பிரட்டுக்குப் போய் வந்த அதே வாரம், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. கறிவேப்பிலை மரம் அவர் வைத்தது, சாமி மாடம் அப்பா கட்டியது. எதையும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காவது சக்கரம் இருக்கிறது. லயத்து வீட்டுக்கு அதுவும் இல்லை.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே, ஊர் சுற்றிய கதையைச் சொல்லி முடிக்கும்போது ஒரு வார்த்தை. கை கால் நன்றாக இருக்கும்போதே, சின்னதோ பெரிதோ, உங்கள் பெயரில் ஒரு வீட்டுக்கு வழி பாருங்கள். சேமநிதியில் வீட்டுக்கென்று பணம் எடுக்க இடமுண்டு. கல்யாணக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறோம்.

குகைகூட இழுத்து மூச்சு விடுகிறது. வேலை முடிந்த மனிதனும் நிம்மதியாக ஒரு மூச்சு விட வேண்டாமா? அதற்குச் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும்.