ஜன்னல் இல்லாத அறை

கடலைப் பார்ப்பதற்காகக் கப்பல் ஏறுகிறவன், கடலே தெரியாத அறையைக் காசு கொடுத்து வாங்குவானா? வாங்குவான் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நாமே வாங்கினோம்.

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் வேலையாயிருக்கும் நம் மருமான் தொலைபேசியில் கூப்பிட்டு, நான்கு இரவு உல்லாசக் கப்பல் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டான். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, அங்கிருந்து புக்கெட், பிறகு மறுபடியும் சிங்கப்பூர். கப்பலில் மூன்று வகை அறைகள் உண்டாம். கடலைப் பார்த்தாற்போல் தனி முகப்பு வைத்த அறை ஒன்று. ஜன்னல் மட்டும் உள்ள அறை ஒன்று. இரண்டும் இல்லாமல் கப்பலின் நடு வயிற்றில் அமைந்த உள் அறை ஒன்று. முகப்பு அறையின் விலை உள் அறையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. "மாமா, ராத்திரியிலே கடல் எல்லாருக்கும் ஒரே கறுப்புத்தான்" என்று மருமான் ஒரு தத்துவமும் சொன்னான். அந்தத் தத்துவம் நமக்கு உடனே பிடித்துப் போயிற்று. பணத்தை மிச்சப்படுத்தும் தத்துவங்களுக்கு எப்போதுமே அந்த வசீகரம் உண்டல்லவா?

தாயாரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் இளமையில் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பல் ஏறிப் பினாங்கு போய், அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி, யுத்தத்துக்கு முன்பே ஊர் திரும்பியவர். ரஜூலாவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் கிழவர்கள் கீழத் தஞ்சையில் அந்நாளில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். அறைகள் கொஞ்சம், டெக் பிரயாணிகளோ 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்ற கப்பல். டெக் பிரயாணிக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் வைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் அவனுடைய ராஜ்யம். தாயாரின் தகப்பனார் கீழ்த்தளத்துப் புழுக்கம் தாங்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறி, நட்சத்திரங்களுக்கு அடியில் படுத்துக்கொண்டே பினாங்கு போய்ச் சேர்ந்தாராம். கடைசி வரையில் அந்தக் கடலைப் பற்றிப் பேசி ஓயவில்லையாம்.

"அப்பா பார்த்த கடலை நானும் ஒரு தரம் பார்த்துடணும்" என்பது தாயாரின் வெகுநாளைய ஆசை. ரஜூலா 1970-களில் ஓய்ந்துவிட்டது. அதன் பிறகு அந்த வழியில் ஓடிய, கப்பலோட்டிய தமிழரின் பெயர் தாங்கிய 'சிதம்பரம்' கப்பலும் 1985-ல் தீப்பற்றியதோடு தன் பிரயாணத்தை முடித்துக்கொண்டது. ஆகையால் இன்று அந்தக் கடலைக் கப்பலில் போய்ப் பார்க்க வேண்டுமானால், விமானத்தில் சிங்கப்பூர் போய் உல்லாசக் கப்பலில் ஏறுவதுதான் வழி. இவ்வளவும் தெரிந்திருந்தும் உள் அறைக்குச் சம்மதித்தோமே என்று நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கப்பல் ஏறினோம். கப்பலா அது! பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது தளத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் இரு புறமும் ஒரே மாதிரியான கதவுகள் வரிசையாய் நிற்கும் ஒரு நடை. அதில் நம் கதவைத் திறந்தால், 160 சதுர அடி அறை. இரண்டு கட்டில்கள், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேற்கட்டில் ஒன்று, ஒரு சிறு மேஜை, ஓர் ஆள் மட்டும் திரும்பக்கூடிய ஸ்நான அறை. எல்லாம் கச்சிதம், எல்லாம் சுத்தம். எதிர்ச் சுவரில் தரை வரையில் தொங்கும் அழகான திரை ஒன்றும் இருந்தது. தாயார் நேரே அங்கே போய் ஆவலோடு திரையை விலக்கினார். பின்னால் இருந்தது ஒரு நிலைக்கண்ணாடி. அதில் அவருடைய முகமே அவரைப் பார்த்தது.

கோபித்துக்கொண்டிருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அவரோ திரையை மறுபடி ஒழுங்காக இழுத்துவிட்டு, "தூங்கறதுக்குத்தானே? போதும்" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார். நம் இல்லாள் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

விளக்கை அணைத்த பிறகுதான் உள் அறையின் சுயரூபம் தெரிந்தது. கிராமத்து அமாவாசையில்கூட ஓட்டு இடுக்கு வழியாக ஏதோ ஒரு கீற்று வரும். இங்கே கையை முகத்துக்கு நேரே நீட்டினால் கை இல்லை. இந்த இருட்டில் சுகமாக உறங்குவதற்காகவே உள் அறையைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. நாம் மேற்கட்டிலில் ஏறிப் படுத்து உறங்கியும் போனோம். நடுவே ஏதோ அரவம் கேட்டுக் கண் விழித்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், தாயார் ஸ்நானம் செய்து, புடவை மாற்றி, விபூதி அணிந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு!

"விடிஞ்சுடுத்துன்னு நினைச்சேன். நீங்க தூங்கறேளேன்னு விளக்குப் போடலை" என்றார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. அறுபது வருஷங்களாகக் கிழக்கு ஜன்னலின் வெளிச்சத்தைப் பார்த்துப் பொழுதை அறிந்தவர் அவர். அந்த அறையில் கிழக்கே இல்லை.

அதற்குப் பிறகு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாத் துறையில் 'டயமண்ட் பிரின்ஸஸ்' என்ற கப்பல் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி நேயர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கோவிட் வியாதியை முன்னிட்டுக் கப்பலில் இருந்த சுமார் 3,700 பேரில் பிரயாணிகளை எல்லாம் இரண்டு வாரம் அவரவர் அறையிலேயே அடைத்து வைத்தார்கள். முகப்பு அறைக்காரர்கள் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு துறைமுகத்தை வேடிக்கை பார்த்தார்கள். உள் அறைக்காரர்களுக்கோ முறை வைத்து, சிறு சிறு கூட்டமாக, கொஞ்ச நேரம் மேல்தளத்தில் உலாவ அனுமதி. மற்றப் பொழுதெல்லாம் நான்கு சுவர்தான். பணத்துக்கேற்ற சௌகரியம் என்பது கப்பலில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும்கூடப் பொருந்துகிறது என்பதை அந்த இரண்டு வாரங்கள் காட்டின.

விடிந்ததும் (கைபேசிதான் விடிந்ததென்று சாட்சி சொல்லிற்று) தாயாரை மேல்தளத்துக்கு அழைத்துப் போனோம். சூரியன் அப்போதுதான் மலேயாக் கரையின் மேல் கிளம்பிக்கொண்டிருந்தான். மலாக்கா ஜலசந்தி தாமிரத் தட்டுப் போல் கிடந்தது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாக ஒடுங்கும் அந்த நீர்வழி, இங்கே அகன்று, ஒரு பக்கம்தான் கரை என்று சொல்லும்படி இருந்தது. சரக்குக் கப்பல்கள் எறும்புச் சாரி போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தாயார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலைப் பலகாரத்துக்கு வரச் சொல்லி இரண்டு முறை அழைத்தும் வரவில்லை. "இருடா, இன்னும் பார்க்கலை" என்றார். ஒன்றரை மணி நேரம் பார்த்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும், நாம் உள் அறையின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் கவனிப்போம். குளிர்சாதனம் வருவதற்கு முன்பு கப்பலின் உள் அறை என்றால் செங்கடலில் அது ஓர் அடுப்பு. வெளி அறைக்காரர்கள் வட்ட ஜன்னலுக்கு வெளியே தகரக் கரண்டி போன்ற ஒரு சாதனத்தை நீட்டிக் காற்றை உள்ளே திருப்பிக்கொள்வார்கள்; உள் அறைக்காரனுக்கு அதற்கும் வழியில்லை. கொழும்பு, ரங்கூன் வழியில் கப்பல் ஓட்டிய லிவர்பூல் நகரத்துப் பிப்பி கம்பெனியார் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். உள் அறையிலிருந்து ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு சந்து விட்டு, அது வெளி அறையின் பக்கமாய்ப் போய்க் கப்பலின் ஓரத்தைத் தொடும்படி செய்து, சந்தின் முனையில் ஒரு ஜன்னல் வைத்தார்கள். நம் ஊர் 'ட' எழுத்தைப் போல் அறை வளைந்துவிட்டது. ஆனால் காற்று வந்தது, கடலும் தெரிந்தது. பிப்பி காபின் என்று அதற்குப் பெயரே ஏற்பட்டுவிட்டது. ரங்கூன் வெயிலுக்குப் பிறந்த அந்த யோசனையை இன்றைய கப்பல் சிற்பிகள் கைவிட்டுவிட்டார்கள். குளிர்சாதனம் வந்த பிறகு காற்றுக்கு ஜன்னல் எதற்கு? கப்பல்கள் அகலமாக அகலமாக நடுவயிறும் பெருத்தது. அதை வீணாக்காமல் அறைகளாக்கி விற்கிறார்கள். 2011-ல் வந்த 'டிஸ்னி டிரீம்' என்ற கப்பலில், உள் அறைச் சுவரில் வட்டமான ஒரு திரையை மாட்டி, வெளியே வைத்த காமிராவின் மூலம் அசல் கடலையே அதில் காட்டினார்கள். கடலோடு சில கார்ட்டூன் பாத்திரங்களும் நடுநடுவே எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமாம்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் அறையைக் கவனிக்கும் இளைஞன் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. இரண்டு மணி ஸ்நானத்தைப் பற்றித் தாயார் அவனிடம் சொல்லிச் சிரித்தபோது, அவன் தொலைக்காட்சிப் பெட்டியை முடுக்கி ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிறுத்தினான். கப்பலின் முகப்பில் வைத்த காமிரா எதிரே தெரியும் கடலை இரவு பகலாகக் காட்டிக்கொண்டிருக்கும் அலைவரிசை அது. "சத்தத்தைக் குறைச்சு வச்சிட்டுத் தூங்குங்கம்மா. விடிஞ்சா இதுல வெளிச்சம் தெரியும்" என்றான். இந்த ஓர் உபாயம் முகப்பு அறைக்கும் உள் அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பாதியாவது பெறும். நாம் பட்டறிந்த இன்னும் இரண்டொன்றையும் சொல்லிவிடுகிறோம். உள் அறைதான் வாங்குவதென்றால் கப்பலின் நீளத்துக்கு நடுவிலும், கூடிய வரையில் தாழ்ந்த தளத்திலும் வாங்குவது நலம். ஆட்டம் அங்கேதான் குறைவு. தலை சுற்றும் உடம்புக்காரர்களுக்கு ஆட்டம் குறைவு என்பது மட்டும் போதாது. கண்ணுக்கு அடிவானம் தெரியாவிட்டால் குமட்டல் அதிகமாகும். அவர்கள் பகலில் அறையில் தங்கவே கூடாது. நீச்சல் குளத்துக்கு நேர் கீழேயுள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தாங்காது. மின்சாரம் போனால் என்ன செய்வதென்பதையும் முதல் நாளே யோசித்துவிட வேண்டும். 2013-ல் மெக்ஸிகோ வளைகுடாவில் 'கார்னிவல் டிரையம்ப்' கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தபோது, விளக்கும் குளிர்சாதனமும் நின்று, பிரயாணிகள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடைகளிலும் மேல்தளத்திலும் படுத்தார்கள். நம் தாயார் யாரும் சொல்லாமலே, அறையிலிருந்து மாடிப்படி வரையில் கதவுகளை எண்ணி வைத்துக்கொண்டார். பதினேழு.

பதினேழு கதவையும் இரவில் தட்டுத் தடவி எண்ண வேண்டிய அவசியம் நேரவில்லை. நேர்ந்தது வேறொரு குழப்பம். பினாங்கிலிருந்து புக்கெட் போகும் இரவில் நம் கைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறி, ஒரு மணி பின்னே போய்விட்டது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிற்று. ஜன்னல் இருந்திருந்தால் சூரியனைப் பார்த்தாவது சந்தேகப்பட்டிருப்போம். நாம் கைபேசியை நம்பி நிதானமாகப் பல் துலக்கிக்கொண்டிருக்க, தாயார் தொலைக்காட்சியைக் காட்டி, "வெயில் நன்னா ஏறிடுத்துடா" என்று அதட்டினார். கரைக்குப் போகும் கடைசிப் படகுக்கு ஓடிப் பிடித்தோம். புக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. கடற்கரை, வெயில், இளநீர்.

பினாங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நின்றது. இறங்கி நடந்தால் கொஞ்ச தூரத்தில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள், மல்லிகைச் சரம், மிளகாய் வாசனை. குயின் தெருவில் 1833-ஆம் ஆண்டு முதல் விளங்கும் மகாமாரியம்மன் கோவிலில் தாயார் அர்ச்சனை செய்தார். தகப்பனாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித்தான். காலமானவர் பெயருக்கு அர்ச்சனை கூடாதென்று நமக்குச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. பிறகு மளிகைக் கடைகள் வரிசையாயிருந்த ஒரு தெருவில் ஒவ்வொரு கடையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டே நடந்தார். எதைத் தேடினார் என்று நாம் கேட்கவில்லை.

அன்று இரவு அந்தத் தூத்துக்குடிப் பிள்ளையிடம், "உன் ரூமிலே ஜன்னல் இருக்காப்பா?" என்று கேட்டார். அவன் சிரித்தான். அவனுடைய அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். இரண்டு பேர், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. ஒப்பந்தம் ஒன்பது மாதம்; அதில் ஆறு முடிந்திருந்தது. கப்பல் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை, மாலுமிகள் உறங்கும் அறை சுமைக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்று பொதுவாக விதிக்கிறது. பிரயாணிக் கப்பலுக்கு மட்டும், காற்றும் வெளிச்சமும் தக்கபடி ஏற்பாடு செய்திருந்தால் கீழேயும் வைக்கலாம் என்று விலக்கு அளிக்கிறது. வெளிச்சம் என்றால் இங்கே மின்சார விளக்கு. நான்கு இரவுக்கு நாம் பட்ட பாட்டை அவனிடம் சொல்லிச் சலித்துக்கொண்டது நமக்குக் கூச்சமாயிருந்தது.

கடைசி நாள் காலையில் கப்பல் சிங்கப்பூர் துறையில் கட்டியாயிற்று. பெட்டிகளை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தபோது, அவன் அடுத்த பிரயாணிகளுக்கான விரிப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு எதிரே வந்தான். தாயார் பினாங்குக் கோவில் பிரசாதப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்து, "கடைசியா எப்போப்பா வெயில் பார்த்தே?" என்று கேட்டார்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. மனத்துக்குள் எண்ணிப் பார்த்தான். "போன வாரம் புக்கெட்ல ஒரு மணி நேரம் லீவு கிடைச்சுதும்மா" என்றான். பிறகு நம் அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். புதிய பிரயாணிகள் பிற்பகலில் ஏறிவிடுவார்கள். அதற்குள் அவன் தயார் செய்ய வேண்டிய அறைகள் அந்த நடையில் இன்னும் பதினைந்து இருந்தன.